உராய்வு: படிக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'உராய்வு விசை இயக்கத்தை எதிர்க்கும்' என்று பள்ளியில் மனப்பாடம் செய்கிறோம். அந்த வரி பாதிதான் உண்மை. ஒரு பரப்பு இன்னொரு பரப்பின்மேல் வழுக்குவதைத்தான் உராய்வு எதிர்க்கிறது. இந்த வேறுபாடு பிடிபடாததால் தேர்வில் மதிப்பெண்ணும் போகிறது, மழை நாளில் வண்டியும் சறுக்குகிறது.

நடப்பதையே எடுத்துக்கொள்வோம். காலை ஊன்றி உந்தும்போது பாதம் பின்னோக்கி வழுக்கப் பார்க்கிறது. தரையின் உராய்வு அதைத் தடுத்து, பாதத்தின்மேல் முன்னோக்கி விசை தருகிறது. நாம் முன்னே போவதே அந்த விசையால்தான். பைக்கின் பின்சக்கரத்துக்கும் இதே கணக்கு. லாரி கிளம்பும்போது மேலே இருக்கும் நெல் மூட்டையைக் கூடவே கொண்டுபோவதும் தளத்தின் உராய்வுதான். ஆகவே படத்தில் அம்புக்குறி போடும்போது, பொருள் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்காதீர்கள். உராய்வே இல்லாவிட்டால் தொடும் இடம் எந்தப் பக்கம் வழுக்கும் என்று கேளுங்கள். அதற்கு எதிர்த்திசையில் போட்டால் சரியாக வரும்.

அடுத்தது நீட், ஜேஇஇ எழுதும் பிள்ளைகள் நிறையப் பேர் விழும் குழி. உராய்வு என்ற சொல்லைக் கண்டதும் உராய்வுக் குணகத்தையும் (இரண்டு பரப்புகளுக்கிடையே பிடிப்பு எவ்வளவு என்று காட்டும் எண்) செங்குத்து விசையையும் (பரப்புகள் ஒன்றையொன்று அழுத்தும் விசை) பெருக்கி எழுதிவிடுகிறார்கள். 40 கிலோ பீரோ, ஓய்வுநிலை உராய்வுக் குணகம், அதாவது பொருள் வழுக்கத் தொடங்குவதற்கு முன் உள்ள குணகம், 0.5 என்றால் பெருக்கி வருவது (40 × 9.8 × 0.5) 196 நியூட்டன். அது உச்ச வரம்பு மட்டுமே. நீங்கள் 50 நியூட்டன் விசையால் தள்ளினால் உராய்வும் 50 நியூட்டன்தான். 196 இருந்துவிட்டால் பீரோ உங்களை நோக்கியல்லவா நகர்ந்து வரவேண்டும்! தள்ளத் தள்ள உராய்வும் கூடிக்கொண்டே போகும். வரம்பைத் தாண்டியதும் பீரோ நகரும். அப்புறம் உராய்வு கொஞ்சம் குறைந்து, வழுக்கும்போது இருக்கும் இயக்க உராய்வாகிவிடும். அசைப்பதற்குப் பட்ட பாடு, நகர்த்திக்கொண்டு போவதற்கு இல்லாதது அதனால்தான்.

உருளுவதையும் வழுக்குவதையும் ஒன்றாக நினைப்பது இன்னொரு தவறு. திருவாரூர் ஆழித்தேர் ஓட்டத்தைக் கவனித்துப் பார்த்தால் இது தெளிவாகிவிடும். 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. சக்கரம் நேராக உருளும்போது தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் தரையோடு அப்படியே நிற்கிறது, வழுக்குவதில்லை. இவ்வளவு எடையை வடம் பிடித்து இழுக்க முடிவது அதனால்தான். நின்ற தேரைக் கிளப்பத்தான் கூடுதல் விசை வேண்டும். அதற்குப் பின்னாலிருந்து புல்டோசர் உந்துகிறது. ஆனால் வீதி முனையில் கதை மாறுகிறது. காரின் முன்சக்கரம்போலத் தேர்ச் சக்கரம் தனியாகத் திரும்பாது. தேர் திரும்ப வேண்டுமென்றால் சக்கரம் பக்கவாட்டில் தேய்ந்தே ஆகவேண்டும். அந்த இடத்தில்தான் இரும்புத் தகட்டைப் போட்டு கிரீஸ் தடவுகிறார்கள். நிறுத்துவதற்கு முட்டுக்கட்டை. எங்கே உராய்வைக் குறைக்க வேண்டும், எங்கே கூட்ட வேண்டும் என்று இவ்வளவு துல்லியமாக அறிந்து செய்யும் வேலை அது. வகுப்பில் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

'சொரசொரப்பு கூடினால் உராய்வு கூடும்' என்பதையும் எல்லா இடத்துக்கும் பொருத்தக்கூடாது. லேத் பட்டறையில் அளவு பார்க்கப் பயன்படும் ஸ்லிப் கேஜ் கட்டைகள் கண்ணாடிபோல் வழவழப்பானவை. துடைத்து ஒன்றோடொன்று அழுத்தி நகர்த்திச் சேர்த்தால் கையில் தூக்கினாலும் பிரியாமல் ஒட்டிக்கொள்ளும். பரப்புகள் மிக நெருங்கும்போது மூலக்கூறுகளின் ஈர்ப்பும் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது.

பரப்பளவு விஷயமும் இப்படித்தான். செங்கல்லைப் படுக்கவைத்து இழுத்தாலும் பக்கவாட்டில் நிறுத்தி இழுத்தாலும் உராய்வு ஏறக்குறைய ஒன்றுதான். பிரான்சின் இயற்பியலாளர் அமொன்தோன் 1699-இலேயே இதைச் சொன்னார். கண்ணுக்குத் தெரியும் பரப்பில் மிகச் சிறு பகுதிதான் உண்மையில் தொட்டுக்கொண்டிருக்கிறது. அந்தப் பகுதியின் அளவை அழுத்தும் விசைதான் தீர்மானிக்கிறது. ரப்பர் மட்டும் இந்த விதிக்கு முழுசாகக் கட்டுப்படுவதில்லை. எனவே செங்கல் கணக்கை டயருக்குப் போடாதீர்கள்.

டயர் என்றதும், அதன் பட்டன்களும் அவற்றுக்கு நடுவே உள்ள பள்ளங்களும்தான் பிடிமானம் தருகின்றன என்று பலரும் நம்புகிறார்கள். காய்ந்த தார்ச் சாலையில் பிடிமானம் தருவது ரப்பர்தான். பந்தயக் கார்கள் பள்ளமே இல்லாத டயரில் ஓடுகின்றன. பள்ளங்களின் வேலை மழைத்தண்ணீரை வெளியேற்றுவது. அவை தேய்ந்துபோனால் டயருக்கும் சாலைக்கும் நடுவில் தண்ணீர்ப் படலம் தங்கி, வண்டி அதன்மேல் மிதக்கத் தொடங்கும். கார் டயரில் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றிவிட வேண்டும். பிடிமானத்துக்காகக் காற்றைக் குறைத்து ஓட்டுவது மழையில் நேர்மாறான பலனைத் தரும். காற்று குறைந்த டயர் இன்னும் குறைவான வேகத்திலேயே மிதக்கும். முதல் மழையில் கூடுதல் கவனம் தேவை. சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு சேர்ந்து குழம்பாகிக் கிடக்கும்.

பதறிப்போய் பிரேக்கை முழுசாக அழுத்திச் சக்கரத்தைச் சுழலவிடாமல் பூட்டவைப்பதுதான் உயிரையே வாங்கிவிடக்கூடிய தவறு. உருளும் சக்கரத்துக்கு ஓய்வுநிலை உராய்வின் உச்சம் கிடைக்கும். பூட்டிக்கொண்டால் அது இயக்க உராய்வாகக் குறைந்துவிடும். அதைவிட மோசம், ஹேண்டில்பாரைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது இருசக்கர வாகனங்களுக்கும் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) கட்டாயமானது இதற்காகத்தான். ஏபிஎஸ் இருந்தாலும் சாலையில் இல்லாத உராய்வை அது உண்டாக்காது. 60 கி.மீ. வேகத்தில், குணகம் 0.7 உள்ள காய்ந்த சாலையில் பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கச் சுமார் 20 மீட்டர் ஆகும். நனைந்து 0.4 ஆகிவிட்டால் 35 மீட்டர். ஆபத்தைப் பார்த்து பிரேக் பிடிக்கவே ஒரு விநாடி போகும். அதற்குள் வண்டி 17 மீட்டர் கடந்திருக்கும். வேகத்தை 30-க்குக் குறைத்தால் பிரேக் தூரம் கால்வாசியாகிவிடும்.

பிரேக் கிரீச்சிடுகிறதே என்று எண்ணெய் விடுபவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

மலைப்பாதையில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவதும் ஆபத்து. ஒரு டன் எடையுள்ள கார் ஆயிரம் மீட்டர் இறங்கினால், முப்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அளவு ஆற்றல் வெளிப்படும். நியூட்ரலில் போனால் அதில் பெரும்பகுதி பிரேக்கில்தான் சூடாக இறங்கும். அளவுக்கு மீறிச் சூடான பிரேக்கில் உராய்வுக் குணகமே குறைந்துவிடும், மிதித்தாலும் பிடிக்காது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். கருகிய வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி பிரேக் தானாக ஆறும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டுத் தண்ணீரை ஊற்றினால் சூடான டிஸ்க் கோணிவிடும், விரிசலும் விடலாம்.