தொடர்பியல் படிப்புக்குப் பணம் கட்டும் முன் போடும் தப்புக் கணக்குகள்

மருத்துவம், சட்டம் போன்ற தொழில்களுக்குள் உரிய பட்டம் இல்லாமல் நுழையவே முடியாது. இதழியல், விளம்பரம், மக்கள் தொடர்பு, வீடியோ தயாரிப்பு இதெல்லாம் அப்படி இல்லை. பெரும்பாலான நாடுகளில் செய்தியாளர் ஆக உரிமம் எதுவும் தேவையில்லை, தாவரவியல் படித்துவிட்டு வந்தவர் பக்கத்து மேசையில் உட்கார்ந்து உங்கள் அளவுக்கே சம்பளம் வாங்கலாம். தொடர்பியல், அதாவது மாஸ் கம்யூனிகேஷன் படித்தவர்களிடம் இதைச் சொன்னால் கோபம் வரும், தெரியும். ஆனால் பட்டம் நுழைவுச்சீட்டு இல்லை என்றால் அந்த மூன்று நான்கு வருடமும் எதற்குத்தான் பணம் கட்டுகிறோம் என்று கேட்டாக வேண்டும். அதைக் கேட்காமல் சேர்வதுதான் பெரிய தவறு, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கல்லூரி கொடுக்கும் கட்டணச் சீட்டில் இருப்பதையே மொத்தச் செலவு என்று நினைத்துவிடுகிறார்கள். லேப்டாப், ஹார்ட் டிஸ்க், எடிட்டிங் மென்பொருளுக்கு மாதச் சந்தா, கடைசி வருடக் குறும்படத்துக்குக் கைக்காசு, சம்பளமே தராத இன்டர்ன்ஷிப்புக்காக வேறு ஊரில் தங்குகிற செலவு, இதெல்லாம் அந்தச் சீட்டில் வராது. கடன் வாங்கிப் படிப்பவர்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. 100 ரூபாய் கடன், 10 சதவீத வட்டி, மூன்று வருடப் படிப்பு, ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் வங்கி மூன்றில் ஒரு பங்கு கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படிக்கும்போது தவணை கட்ட வேண்டாம் என்பதால் நிம்மதியாக இருக்கும், வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். தனிவட்டியாகப் போட்டாலே படித்து முடிக்கையில் கடன் 120. அதைப் பத்து வருட மாதத் தவணையில் அடைத்து முடித்தால் மொத்தம் சுமார் 190 போயிருக்கும். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டி வந்தால், அந்த வட்டியையும் சேர்த்து மொத்தம் 179 அளவில் நிற்கும். அந்த மூன்று வருடம் வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை.

அடுத்து, படித்தவர்களுக்கு வேலை கிடைத்ததாகக் கல்லூரி போடும் பிளேஸ்மென்ட் விளம்பரம். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மாதச் சம்பளம் 20 ஆயிரம், ஒருவருக்கு 120 ஆயிரம் என்றால் சராசரி 30 ஆயிரம். அந்த 30 ஆயிரத்தை வாங்குபவர் வகுப்பில் ஒருவர்கூடக் கிடையாது! அதனால் சராசரியை விட்டுவிட்டு, எல்லோரையும் சம்பள வரிசைப்படி நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு என்று கேளுங்கள். ‘90 சதவீதம் பேருக்கு வேலை’ என்றால் முழு வகுப்பில் 90-ஆ, வேலைக்குப் பதிவு செய்தவர்களில் 90-ஆ? என்ன வேலை? விளம்பர இடம் விற்பதும் வாடிக்கையாளர் அழைப்புக்குப் பதில் சொல்வதும்கூட ‘ஊடகத் துறை’ என்ற பெயரில் கணக்கில் ஏறிவிடும். அவை தாழ்ந்த வேலை இல்லை, ஆனால் அதற்கு இவ்வளவு பணம் கட்டி இந்தப் படிப்புதான் படிக்க வேண்டும் என்பதும் இல்லை.

ஸ்டூடியோவைப் பார்த்து மயங்கிச் சேர்பவர்களும் நிறைய. கேமரா சில வருடத்தில் பழசாகிவிடும், மென்பொருளில் பட்டன் இடம் மாறிக்கொண்டே இருக்கும். கேட்க வேண்டியது, நான் எழுதியதைச் சிவப்பு மையால் கிழித்துத் திருப்பித் தர அங்கே ஆள் இருக்கிறதா, ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர், அவர் களத்தில் வேலை செய்தவரா என்பதுதான். பாடத்திட்டத்தில் கோட்பாடு இருந்தால் உடனே முகம் சுளிப்பதும் தப்பு. யார் சொல்கிறார், என்ன சொல்கிறார், எந்த வழியாக, யாரிடம், என்ன விளைவோடு என்று அமெரிக்க அரசியல் அறிஞர் ஹெரால்ட் லாஸ்வெல் 1948-ல் அடுக்கிய ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பழகியவருக்கு, ஒரு விளம்பரப் பிரச்சாரத்தைத் திட்டமிடுவதில் பாதி வேலை முடிந்த மாதிரி.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு: எல்லாம் யூடியூபிலேயே இருக்கிறதே, பட்டம் எதற்கு என்பது. எடிட்டிங் கற்றுக்கொள்ளலாம், சரி. அவதூறு வழக்கு எங்கிருந்து வரும், அடுத்தவர் புகைப்படத்தை எப்போது எடுத்தாளலாம், காலக்கெடுவுக்குள் நான்கு பேரோடு சண்டை போட்டாவது ஒரு இதழை முடிப்பது எப்படி, இதெல்லாம் தனியாக வீடியோ பார்த்து வருவது கடினம். கல்லூரியில் ஆசிரியராக, அரசுத் துறையில் மக்கள் தொடர்பு அதிகாரியாக, வேலை விசாவில் வெளிநாடு போக என்று பல இடங்களில் பட்டத்தைக் கேட்கவும் செய்வார்கள்.

துறையைப் பிரித்துப் பார்க்காமல் சம்பளம் பேசுவதிலும் அர்த்தமில்லை. செய்தி அறையும் பெருநிறுவனத் தொடர்பும் ஒரே பட்டத்திலிருந்து போகும் இரண்டு வேறு வாழ்க்கைகள், செய்தியில் தொடக்கச் சம்பளம் பொதுவாகக் குறைவு. முதல் சம்பளத்தை மட்டும் வைத்துப் படிப்பே வீண் என்று முடிவு கட்டாதீர்கள், ஐந்தாவது வருடம் எங்கே இருப்பீர்கள் என்பதற்கும் சேர்த்துத்தான் கணக்கு. மருத்துவம், நிதி, சட்டம், புள்ளிவிவரம் என ஏதாவது ஒன்றையாவது உருப்படியாகப் புரிந்துகொண்டு எழுதத் தெரிந்தவருக்கு வழி கொஞ்சம் அகலம். ‘நன்றாகப் பேசுவேன், எழுதுவேன்’ என்று மட்டும் வருபவர்கள் ஏராளம்.

வேலை கிடைக்கவில்லை என்று அப்படியே முதுகலையில் சேர்வது இன்னொரு பழக்கம். செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்ட ஒரு போர்ட்ஃபோலியோ இல்லாததுதான் சிக்கல் என்றால், இரண்டு வருடம் கழித்து கடன் மட்டும் கூடியிருக்கும், சிக்கல் அங்கேயே நிற்கும்.

சேர்வதற்கு முன் அந்தக் கல்லூரியில் ஐந்து வருடம் முன்பு படித்த இரண்டு மூன்று பேரை நீங்களே தேடிப் பிடியுங்கள். கல்லூரி காட்டுகிற ஆட்கள் வேண்டாம், அவர்கள் எப்போதும் அந்த 120 ஆயிரம் சம்பளம் வாங்குபவர்தான். முதல் வேலை யார் மூலமாக வந்தது, நேர்காணலில் பட்டத்தைக் கேட்டார்களா இல்லை செய்த வேலையைக் காட்டச் சொன்னார்களா, கடன் இன்னும் எத்தனை தவணை பாக்கி, இந்த மூன்றையும் கேளுங்கள்.