எலும்பு ஒட்டிய தாடையில் பல் இம்ப்ளான்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பற்கள் அனைத்தும் போன தாடையில், அவற்றைத் தாங்கி நின்ற எலும்பு முதல் ஆண்டில் வேகமாகவும், அதன்பின் மெதுவாக ஆனால் ஓயாமலும் கரைகிறது. பல ஆண்டுகள் பல்செட் அணிந்தவருக்கு இம்ப்ளான்ட் (பல்லைத் தாங்கத் தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியத் திருகு) ஊன்ற இடமே இல்லாமல் போகும் நிலையில்தான், இடுப்பிலிருந்தோ தாடையின் வேறு பகுதியிலிருந்தோ எலும்பை எடுத்து ஒட்டித் தாடையை மீண்டும் கட்டுகிறார்கள். இச்சிகிச்சை தோற்றால் அறுவையின்போது என்ன நடந்தது என்றே எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் தவிர்த்திருக்கக்கூடிய தவறுகளில் பல, அறுவைக்கு முன்பும், எலும்பு ஒட்டும் அறுவை, இம்ப்ளான்ட் ஊன்றும் அறுவை ஆகிய இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களிலும் நடப்பவை.

எலும்பு எங்கே குறைகிறது என்று பார்த்து அங்கே நிரப்புவது முதல் தவறு. மேல்தாடை கரையும்போது உள்நோக்கிச் சுருங்குகிறது. கீழ்த்தாடையோ அதைவிட அகன்றும் முன்தள்ளியும் நிற்பதுபோல் ஆகிறது. ஆகவே எலும்பு இருக்கும் இடமும் பல் வரவேண்டிய இடமும் ஒன்றாக இருப்பதில்லை. மாதிரிப் பல்வரிசை ஒன்றைச் செய்து, அதை வாயில் வைத்தபடியே, தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் கோன் பீம் சி.டி. ஸ்கேன் எடுத்தால், எந்தப் பல்லுக்கு அடியில், எந்தத் திசையில், எவ்வளவு எலும்பு தேவை என்பது தெரியும். மிகையாக நிரப்புவதும் பிழைதான்: உலோகச் சட்டத்தின் மேல் முழுப் பல்வரிசை அமைக்க ஏறக்குறைய 12 முதல் 15 மி.மீ. உயரம் வேண்டியிருக்கும், அந்த இடத்தையும் எலும்பு பிடித்துக்கொண்டால் பல் கட்டுபவர் திண்டாடுவார்.

எலும்பு ஒட்டு தேவைதானா என்று கேட்காமலே இறங்குவதும் உண்டு. கீழ்த்தாடையின் முன்பகுதியில் பலருக்கு இரண்டு இம்ப்ளான்ட் ஊன்றுமளவுக்கு எலும்பு எஞ்சியிருக்கும். அவற்றில் பல்செட்டைப் பொருத்திப் பிடிக்கச் செய்யும் முறையையே, பல்லில்லாத கீழ்த்தாடைக்கு முதல் தேர்வாக 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர் குழு பரிந்துரைத்தது. மேல்தாடையில் சாய்வாக ஊன்றுவதும், கன்ன எலும்பில் ஊன்றுவதும் சிலருக்குப் பொருந்தும். எலும்பு எடுக்கும் இடத்துக்கும் ஒரு விலை உண்டு: இடுப்பில் எடுத்தால் சில வாரங்கள் நடையில் வலி இருக்கலாம், முகவாயில் எடுத்தால் கீழ் உதடோ முகவாயோ மரத்துப்போகலாம்.

இனிக் காலக்கணக்கு. இங்கே அவசரம், தாமதம் இரண்டும் கெடுக்கும். ஒட்டிய எலும்புத்துண்டுக்குள் இரத்தக் குழாய்கள் நுழைந்து, பழைய எலும்பு படிப்படியாகக் கரைந்து, புதியது உருவாகவேண்டும். நோயாளியின் சொந்த எலும்புத்துண்டுக்கு இதற்குப் பொதுவாக 4 முதல் 6 மாதங்கள் ஆகின்றன; மேல்தாடைக்கு மேலுள்ள காற்றறையான சைனஸ் அறையின் அடித்தளத்தை உயர்த்தி மாற்று எலும்புத்தூள் மட்டும் நிரப்பியிருந்தால் இன்னும் கூடுதலாகலாம். அதற்குமுன் துளையிட்டால் ஒட்டிய துண்டே பெயர்ந்து வரக்கூடும். "நன்றாக ஆறட்டும்" என்று ஓராண்டுக்கு மேல் தள்ளிப்போட்டாலோ, சுமை எதுவும் படாத அந்த எலும்பு, குறிப்பாக இடுப்பிலிருந்து எடுத்தது, கரைந்து மெலிந்துவிடுகிறது. இம்ப்ளான்ட் ஊன்றியபின் அதன்மீது முன்கூட்டியே சுமை ஏற்றுவதும் அபாயமே. ஏறத்தாழ 150 மைக்ரானுக்கு (0.15 மி.மீ.) மேற்பட்ட அசைவு தொடர்ந்தால், டைட்டானியத்தைச் சுற்றி எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்ந்து, இம்ப்ளான்ட் ஆடத் தொடங்கும்.

இந்த இடைக்காலத்தில் மிக எளிதாக நேரும் தவறு, பழைய பல்செட்டை அணிவது. ஒட்டுக்கு மேலுள்ள ஈறு இழுத்து மூடப்பட்டது, மெல்லியது. பல்செட் அழுத்தும் இடத்தில் அது பிரிந்துவிட்டால் எலும்பு வெளியே தெரிந்து, கிருமி தொற்றி, மாதக்கணக்கான உழைப்பு வீணாகும். பெரும்பாலும் முதல் சில வாரங்களுக்கு அதை அணியவே கூடாது. பிறகும் உட்புறத்தைக் குடைந்து, மென்மையான உள்பூச்சு போட்டபின்தான் அணியவேண்டும். வெளியே போகும்போது மட்டும் மாட்டிக்கொள்கிறேன் என்பதும் அழுத்தமே. நோயாளியை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது: பல்லில்லாமல் எத்தனை வாரம் இருக்கவேண்டும் என்பதைச் சம்மதம் கேட்கும்போதே சொல்லாத மருத்துவரின் பிழையும் இதில் உண்டு.

புகைப்பதும், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயும் ஒட்டு ஆறுவதைக் கெடுக்கும் என்பது பலருக்கும் தெரியும். அதிகம் மறக்கப்படுவது எலும்புத் தேய்மானத்துக்கான மருந்துகள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியையும், ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் ஸோலெட்ரானிக் அமிலத்தையும் பலர் "தினசரி மருந்து" கணக்கில் சேர்ப்பதில்லை. மாத்திரைகளை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். இவை சிலருக்குத் தாடை எலும்பின் ஒரு பகுதியை அழுகச் செய்யக்கூடும் என்பதால், அறுவைக்கு முன் கட்டாயம் சொல்லவேண்டும். அதற்காக, மருந்து எழுதிய மருத்துவரைக் கேட்காமல் தாமாக நிறுத்துவதும் தவறு. டெனோசுமாபைத் திடீரென விட்டவர்களுக்கு முதுகெலும்பு முறிவுகள் ஏற்பட்டதுண்டு. சைனஸ் அடித்தளம் உயர்த்தியவர்கள் முதல் சில வாரங்கள் மூக்கைப் பலமாகச் சிந்தக்கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்தே தும்மவேண்டும்.

பல்வரிசை பொருத்தியவுடன் சிகிச்சை முடிந்ததாக எண்ணுபவர்கள் துப்புரவில் கோட்டை விடுகிறார்கள். இம்ப்ளான்ட்டுக்குப் பல்லைப்போலக் கூச்சமோ நரம்புவலியோ கிடையாது. சுற்றியுள்ள ஈறு வீங்கி, எலும்பு பாதி கரைந்தபின்னும் வலிக்காமலே இருக்கலாம். பல்வரிசைக்கு அடியில் சிறு பிரஷ் நுழைய இடைவெளி விட்டே அதைச் செய்யும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவேண்டும். பொருத்திய நாளில் எடுத்த எக்ஸ்ரேயை நோயாளியும் ஒரு பிரதி வாங்கி வைத்திருப்பது நல்லது. பின்னால் எடுக்கும் படங்களை அதோடு ஒப்பிட்டால்தான், எலும்பு நிலைத்திருக்கிறதா, இறங்கிக்கொண்டிருக்கிறதா என்று சொல்லமுடியும்.