அலெக்ஸாண்ட்ரியா போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எகிப்து கிளம்பும் நண்பர் ஒருவர் போன மாதம் தன் பயணத் திட்டத்தை அனுப்பியிருந்தார். எட்டு நாளில் அலெக்ஸாண்ட்ரியாவுக்கு ஒரே நாள். காலையில் கெய்ரோவில் வேன் ஏறினால் இரவு திரும்பிவிடலாமாம். முதல் தடவை நான் போட்ட அதே திட்டம்! பாஸ்போர்ட், தொப்பி, தண்ணீர் பாட்டில் எல்லாம் உங்களுக்கே தெரியும். பட்டுத் தெரிந்துகொண்டதை மட்டும் சொல்கிறேன்.

ஒரே நாளில் திரும்புவது

கெய்ரோவிலிருந்து சுமார் 220 கிலோமீட்டர். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். எங்கள் வேன் வழியில் ஒரு அத்தர் கடையில் முக்கால் மணி நேரம் நின்றது. ஊருக்குள் நுழையும்போதே மணி பதினொன்று. ரோமானியத் தளபதி பாம்பேயின் பெயர் கொண்ட பாம்பே தூணில் கால் மணி, கைத்பே கோட்டையில் இருபது நிமிடம், 2002இல் திறந்த புது நூலகத்துக்கு வெளியே ஒரு போட்டோ. சாப்பிட்டதும் ஏறச் சொல்லிவிட்டார்கள். அன்று கொடுத்த பணத்தில் அங்கேயே மூன்று நாள் தங்கியிருக்கலாம். நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது, பணத்துக்காக மட்டும் இல்லை.

இந்த ஊரின் பழமை கோபுரம் மாதிரி கண்ணெதிரே நிற்பதில்லை. உலக அதிசயமான கலங்கரை விளக்கத்தை நிலநடுக்கங்கள் சாய்த்துவிட்டன. அந்த இடத்தில்தான் 1477இல் சுல்தான் கைத்பே கோட்டை கட்டினார். பழைய அரண்மனைகள் கிழக்குத் துறைமுகத்தில் தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன. அப்புறம் பார்க்க என்னதான் இருக்கிறது? காலுக்குக் கீழே இருக்கும் நிலம். கலங்கரை விளக்கம் நின்ற ஃபாரோஸ் ஒரு காலத்தில் தனித் தீவு. அதை நிலத்தோடு இணைக்க, கடலின் குறுக்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான கரை போட்டார்கள். அதன் இருபுறமும் இரண்டு துறைமுகங்கள் அமைந்தன. நூற்றாண்டுக்கணக்கில் மணல் ஒதுங்கி, அந்தக் கரை அகன்று ஊராகவே ஆகிவிட்டது. இரண்டாவது தடவை மன்ஷியா சதுக்கத்திலிருந்து ஃபரன்ஸா தெரு வழியாக அதன் மேல்தான் நடந்தேன். டெர்பானா மசூதி வாசலில் எங்கிருந்தோ பெயர்த்துக் கொண்டுவந்த பழங்காலத் தூண்கள், பக்கத்திலேயே துணிக்கடைச் சரக்கு.

நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. சேரர் துறைமுகமான முசிறியிலிருந்து வந்த சரக்கு பற்றிய கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கடன் ஒப்பந்தம் ஒன்று வியன்னாவில் இருக்கிறது, பாப்பிரஸில் எழுதியது. சரக்கு செங்கடலில் இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, நைல் நதி வழியாக அலெக்ஸாண்ட்ரியா வர வேண்டும். அங்கே சுங்கம் கால் பங்கு. இதைத் தெரிந்துகொண்டு ஒரு சாயங்காலம் அந்தக் கடலோரத்தில் உட்காருவது இருபது நிமிடத்தில் ஆகிற காரியமா?

குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள்.

பாம்பே தூணோடு நிறுத்திக்கொள்வது

அந்தத் தூணுக்கும் பாம்பேக்கும் சம்பந்தமே இல்லை. டயோக்ளீஷியன் பேரரசருக்காக நிறுத்தியது. பக்கத்திலேயே கோம் எல் ஷோகாஃபா நிலத்தடிக் கல்லறை இருக்கிறது. சுருள் படியில் இறங்கி உள்ளறைக்குப் போய், திரும்பி வாசலைப் பாருங்கள். குள்ளநரி முகத்தோடு எகிப்தியக் கடவுள் அனுபிஸ் நிற்பார், உடம்பில் ரோமானியப் படைவீரனின் கவசம். எகிப்தும் ரோமும் ஒரே கல்லில்! நான் இதைப் பார்க்க இரண்டாம் பயணம் வேண்டியிருந்தது.

ஸ்டேஷன் மாறி இறங்குவது

ரயிலில் சீதி காபிர் முதலில் வரும். இறங்காதீர்கள், பழைய ஊருக்குக் கடைசி நிலையமான மிஸ்ர்தான் பக்கம்.

அரபு எண்கள் தெரியாமல் போவது

வட்டம் 5, புள்ளிதான் பூஜ்யம், நம் 7 போலத் தெரிவது 6. ரயில் சீட்டிலும் விலைப்பலகையிலும் கை கொடுக்கும்.

குளிர்காலக் கடலைச் சாதாரணமாக நினைப்பது

குளிர்காலப் புயல்களை உள்ளூரில் 'நவ்வா' என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. நவம்பரில் வருவது 'மக்னஸா', அதாவது துடைப்பம். அலை கடலோரக் கோர்னிஷ் சாலை வரை ஏறி அடிக்கும். அந்த மாதங்களில் போவதென்றால் ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

விலை கேட்காமல் மீன் சாப்பிட உட்காருவது

ஊரின் பஹரி பகுதிக் கடைகளில் ஐஸில் அடுக்கிய மீனை நாமே பார்த்து எடுக்கலாம், எடைக்குத்தான் விலை. கிலோ எவ்வளவு, இந்த மீன் எத்தனை கிலோ, சுடும் கூலி சேர்த்தா தனியா என்று மீன் அடுப்புக்குப் போவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். தவிடு பூசிச் சுட்டுத் தரச் சொல்லுங்கள். 'ரத்தா' என்றால் புரிந்துகொள்வார்கள்.