பத்தாம் வகுப்பு வடிவியல்: எங்கே கஷ்டம், எங்கிருந்து தொடங்கலாம்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். வலையில் நண்டு கழற்றிக் கொடுத்துவிட்டு, கையைக் கழுவி அப்படியே நோட்டோடு வந்து உட்காரும் பிள்ளைகள்தான் பெரும்பாலும். "மத்த கணக்கெல்லாம் போட்டுர்றான் டீச்சர், வடிவியல்தான் வரமாட்டேங்குது" என்று அம்மாக்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இயற்கணிதத்தில் விடை வந்தால் வேலை முடிந்தது. வடிவியலில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். அங்கேதான் பேனா நின்றுவிடும்.

அதனால் தேற்றத்தில் தொடங்காதீர்கள், வரைவதில் தொடங்குங்கள். பொதுத்தேர்வில் 43-வது கேள்வி வடிவியல் வரைதல், 44-வது வரைபடம். தலா 8 மதிப்பெண், இரண்டிலும் 'அல்லது' உண்டு. 35 எடுத்தால் பாஸ் என்ற இடத்தில் இந்த 16 சும்மா இல்லை.

முதலில் காம்பஸைப் பாருங்கள். நம்ம ஊர் உப்புக்காற்றில் திருகு துருப்பிடித்து, ஒன்று இறுகிப்போகும், இல்லையென்றால் ஆடும். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்து முடுக்குங்கள். வட்டம் தொடங்கிய இடத்தில் வந்து சேராவிட்டால் மேற்கொண்டு வரைந்து பயனில்லை.

இப்போது இந்தக் கணக்கு: 6 செ.மீ விட்டமுள்ள வட்டம், அதன் மையம் O-விலிருந்து 8 செ.மீ தொலைவில் P என்ற புள்ளி, அதிலிருந்து இரண்டு தொடுகோடுகள். 3 செ.மீ ஆரத்தில் வட்டம் போடுங்கள். OP வரைந்து அதற்கு மையக்குத்துக்கோடு போட்டால் நடுப்புள்ளி M கிடைக்கும். M-ஐ மையமாக வைத்து, MO ஆரத்தில் இன்னொரு வட்டம். அது முதல் வட்டத்தை வெட்டும் A, B-யை P-யோடு சேர்த்தால் முடிந்தது. PA-வை அளந்தால் 7.4 செ.மீ வரும். √(64−9) போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 5.3 வந்தால், விட்டத்தை ஆரமாக எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். வகுப்பில் பாதிப்பேர் வழுக்கும் இடம் இது.

ஏன் அந்த இரண்டாவது வட்டம்? OP அதன் விட்டம்; அரைவட்டத்தில் அமையும் கோணம் 90°, ஆரமும் தொடுகோடும் சந்திப்பதும் 90°-ல்தான். முதல் விஷயம் ஒன்பதாம் வகுப்புப் பாடம். அதை அங்கே தாண்டிக் குதித்த பிள்ளைதான் இங்கே தடுமாறும். ஒரு வாரம் ஒன்பதாவது புத்தகத்தைத் திறப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தேல்ஸ் தேற்றம் (முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கு இணையான கோடு மற்ற இரு பக்கங்களையும் ஒரே விகிதத்தில் பிரிக்கும் என்பது), கோண இருசமவெட்டித் தேற்றம் எல்லாம் அப்புறம். ABC, DE என்று எழுத்தோடு மனப்பாடம் செய்யாதீர்கள். முக்கோணத்தைத் தலைகீழாகப் போட்டு PQR என்று பேர் வைத்து எழுதிப் பாருங்கள். எழுத வந்தால்தான் புரிந்திருக்கிறது.

முக்கோணவியலில் இறக்கக்கோணம், அதாவது உயரத்திலிருந்து கீழே பார்க்கும் கோணம், ஒன்றுதான் தொல்லை. பாம்பன் கலங்கரை விளக்கத்தைத் தினமும் பார்க்கிற பிள்ளைகளே கோணத்தைக் கோபுரத்துக்கும் பார்வைக்கோட்டுக்கும் நடுவே குறிக்கிறார்கள். உச்சியில் முதலில் கிடைமட்டமாக ஒரு புள்ளிக்கோடு போடுங்கள், கோணம் அதிலிருந்து கீழே இறங்கட்டும். கணக்கில் கலங்கரை விளக்கம் 60 மீ உயரம், இறக்கக்கோணம் 30° என்றால், படகு 60√3, அதாவது சுமார் 103.9 மீ தூரத்தில் நிற்கும். கோணத்தை மாற்றிக் குறித்தால் 34.6 என்று வரும். உயரத்தைவிடத் தூரம் குறைவாக வந்தால் 30° இருக்க முடியுமா என்று படத்தைப் பார்த்தே கேட்டுக்கொள்ளலாம்.

பரீட்சை முடிந்து, ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலமும் தொடங்கி அப்பாக்கள் வீட்டில் இருக்கும்போது குரூப் பேச்சு வந்துவிடும். பத்தாவது மார்க்கை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பதினொன்றில் வடிவியல் வரைதல் கிடையாது; வெக்டர், நுண்கணிதம், நீண்டுகொண்டே போகும் முக்கோணவியல். அந்த லீவில் பதினொன்றாவது புத்தகத்தை இரவல் வாங்கி, முக்கோணவியல் கணக்கு நாலைந்து போடச் சொல்லுங்கள். விடை தப்பானாலும் பரவாயில்லை. எழுந்து ஓடாமல் உட்கார்ந்து முட்டி மோதுகிற பிள்ளை என்றால் கணக்கு குரூப்பில் தைரியமாகச் சேருங்கள்.