மலைச் சபையோடு கூட்டு ஊழியமா? முதலில் பின் பெஞ்சு
நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர் பக்கத்துச் சபைகளோடு சேர்ந்து ஊழியம் செய்ய நினைக்கும் சமவெளிச் சபையாரே, முதல் தடவையே வேனில் பிரசங்கியாரையும் பழைய துணி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். ஆராதனையில் பின் பெஞ்சில் உட்காருங்கள். அப்புறம் டீ குடித்துக்கொண்டே, என்ன தேவை என்று கேளுங்கள். கூடலூரில் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களும் உண்டு, மலையாளிகளும் உண்டு. எல்லாரையும் 'மலை மக்கள்' என்று ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். படுகர் சபையென்றால் ஒரு பாட்டாவது படுக மொழியில் இருக்கட்டும். தேதியை அவர்களே குறிக்கட்டும்: கொழுந்து பறிக்கும் நாளில் பகல் கூட்டம் வைத்தால் காலி நாற்காலிதான். பணம் புழங்கினால் இரு சபையாரும் கையெழுத்திடும் கணக்கு நோட்டு ஒன்று போடுங்கள்; இதில் கூச்சமே வேண்டாம்.