ஃப்ரண்ட் ஃப்ளிப்பர் கத்தி திறக்க மாட்டேங்குதா? முதலில் விரலைப் பாருங்க

புது ஃப்ரண்ட் ஃப்ளிப்பர் (முன்பக்கக் காதைக் கட்டைவிரலால் உருட்டித் திறக்கும் மடக்குக்கத்தி) கைக்கு வந்ததும் எழும் முதல் புகார், "டிடென்ட் ரொம்ப இறுக்கம், பீஸே சரியில்லை". டிடென்ட் என்பது மடக்கிய அலகு தானாகத் திறக்காமல் பிடித்து வைக்கும் தடுப்பு. பெரும்பாலும் கோளாறு கத்தியில் இல்லை, பிடிக்கிற விதத்தில்தான். திருப்புளியை அப்புறம் எடுக்கலாம்.

சாதா ஃப்ளிப்பரில் அலகின் அடியில் உள்ள சின்ன நீட்டல், அதாவது காது, பிடியின் முதுகுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், ஆள்காட்டி விரலால் இழுப்போம். இதில் அந்தக் காது பிவட்டுக்கு (அலகு சுழலும் அச்சுக்கு) முன்னால், கத்தியின் நெற்றியில் இருக்கிறது. வேலை கட்டைவிரலுக்கு. திறந்த பிறகு காது பிடியோடு அடங்கிவிடும், அடியில் துருத்திக்கொண்டு நிற்காது. பழம் நறுக்கும்போது அலகின் அடிவரை பலகையில் படுவதே இந்த வகையை விரும்பப் போதுமான காரணம்.

1. பிடி

பிவட் மேலே வர, கத்தியைச் செங்குத்தாக, சிகரெட் லைட்டர் மாதிரி பிடியுங்கள். முதுகு உள்ளங்கைப் பக்கம். அலகு வெளியே வரும் பிளவை எந்த விரலும் மறைக்கக் கூடாது.

2. நான்கு விரல்கள் (எல்லாரும் சறுக்கும் இடம்)

ஃப்ரேம் லாக் கத்தியில் பிடியின் ஒரு பக்கத் தகடே பூட்டு. அந்தத் தகட்டின் உள்பக்கம் பொடி செராமிக் அல்லது எஃகுக் குண்டு ஒன்று பதித்திருக்கும். மடக்கிய நிலையில் அது அலகில் உள்ள சிறு குழியில் உட்கார்ந்திருக்கும். டிடென்ட் என்பது இதுதான். வலது கையால் பிடித்தால் நான்கு விரல்களும் சரியாக அந்தத் தகட்டின் மேல்தான் விழும். 'திறக்கலையே' என்று இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க, குண்டு குழிக்குள் இன்னும் அழுந்தும். நீங்களே பூட்டிவிட்டு நீங்களே தள்ளுகிறீர்கள்.

ஆகவே விரல்களைப் பிடியின் பின்பாதிக்கு இறக்குங்கள். தகட்டை வளைய விட வெட்டியிருக்கும் கோடு தெரியும், அதற்குக் கீழே விரல் நுனிகள் நின்றால் போதும். கைசர் கம்பெனியின் ஃபைஸ்ட் மாதிரி டைட்டானியம் ஃப்ரேம் லாக் வைத்திருப்பவர்கள் இந்த ஒன்றை மாற்றினாலே அதே கத்தி வேறு கத்தியாகத் தெரியும்.

லைனர் லாக்கில் பூட்டுத் தகடு பிடியின் உள்ளே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. முதல் கத்தி வாங்குபவர்களுக்கு என் சிபாரிசு அதுதான். பட்டன் லாக் என்றால், பட்டன் மேல் விரல் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

3. கட்டைவிரல்

காதை பிவட்டை நோக்கி நேராக அமுக்கினால் எவ்வளவு பலம் கொடுத்தாலும் அலகு சுழலாது, விரல்தான் வலிக்கும். லைட்டர் சக்கரத்தை உருட்டுவது போல, நெற்றியிலிருந்து முதுகுப் பக்கமாக, உங்களை நோக்கி உருட்டுங்கள். முதலில் மெல்ல அழுத்தம் ஏற்றுங்கள். குண்டு குழியை விட்டு வெளியேறும் கணத்தில் நிறுத்தாமல் விரலைக் கடைசிவரை கொண்டுபோங்கள். மணிக்கட்டை உதற வேண்டாம், அந்தப் பழக்கம் தொற்றினால் விடாது.

வியர்த்த கை காதில் வழுக்கும், துடைத்துக்கொள்ளுங்கள். பழகும்போது கத்தி நழுவினால் பிடிக்கப் போகாதீர்கள். காலை நகர்த்துங்கள், கத்தி விழட்டும்.

4. பாதியில் நிற்கிறதா?

இப்போதுதான் பிவட்டைச் சந்தேகிக்கலாம். அலகைப் பாதி திறந்து, பூட்டுத் தகட்டை ஒதுக்கிப் பிடித்து, கத்தியை லேசாக ஆட்டி அலகு ஊசலாடுகிறதா என்று பாருங்கள். தகட்டை ஒதுக்காமல் பார்த்தால் குண்டு அலகை உரசிக்கொண்டே இருக்கும், சோதனைக்கு அர்த்தமில்லை. அலகு மடங்கும் பாதையில் விரல் கூடாது. தாராளமாக ஆடினால் பிவட் நன்றாக இருக்கிறது, உங்கள் கட்டைவிரல்தான் முன்னதாக நிற்கிறது. ஆடாவிட்டால் பிவட் திருகை எட்டில் ஒரு சுற்று தளர்த்துங்கள். பிறகு அலகைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். லொடலொடத்தால் தளர்த்தியதில் பாதியைத் திரும்ப முறுக்குங்கள்.

பிவட் திருகு பெரும்பாலும் டி8, மற்ற திருகுகள் டி6 (நட்சத்திரத் தலை டார்க்ஸ் திருகுகளின் அளவுகள்). பத்து பிட் அடங்கிய மலிவு செட் வேண்டாம். பிட் முனை மழுங்கினால் திருகின் தலையையும் சேர்த்துத் தின்றுவிடும். வீஹா அல்லது வேரா கம்பெனி பிட் இரண்டே இரண்டு வாங்குங்கள். திருகு நகரவில்லை என்றால் முறுக்கிப் போராடாமல், சால்டரிங் அயர்ன் முனையைத் திருகின் தலையில் அரை நிமிடம் வைத்தால் உள்ளே இருக்கும் பசை இளகும்.

5. எண்ணெய், பசை

பிவட்டைச் சுற்றி அலகின் இரு பக்கமும் உள்ள பேரிங்குக்கு, ஒரு பக்கத்துக்கு ஒரு துளி எண்ணெய், டிடென்ட் குண்டு ஓடும் தடத்தில் ஊசி முனையளவு. அதற்கு மேல் ஊற்றினால் பையில் இருக்கும் நூலும் தூசியும் ஒட்டி அரைக்கும்.

பிவட் திருகு தானாகத் தளர்ந்தால் லாக்டைட் 222 (திருகு கழலாமல் பிடிக்கும் பசை). நீல 243 இவ்வளவு சின்னத் திருகுக்கு அதிகம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் மரையைத் துடைத்து, மரையில் மட்டும் குண்டூசித் தலையளவு தடவி, 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். பேரிங் பக்கம் வழிந்தால் முழுதாகக் கழற்றிக் கழுவ வேண்டியதுதான்.

எல்லாம் சரியாக இருந்தும் டிடென்ட் இறுக்கம் என்றால் சில நூறு முறை திறந்து மூடுங்கள், கொஞ்சம் தேயும். பூட்டுத் தகட்டை வளைத்து இளக்கும் வித்தை மட்டும் வேண்டவே வேண்டாம். திறந்த நிலையில் அலகைத் தாங்குவதும் அதே தகடுதான்.

பின்சேர்க்கை: இடக்கைக்காரர்களுக்கு இரண்டாம் படியின் தொல்லை இல்லை, விரல்கள் மறுபக்கத் தகட்டில் விழும். மூடும்போதுதான் கட்டைவிரலுக்குப் பதில் ஆள்காட்டி விரலால் தகட்டைத் தள்ள வேண்டியிருக்கும்.

பிரிட்டனில் இருப்பவர்களுக்கு: தக்க காரணம் இல்லாமல் வெளியே கொண்டுபோகலாம் என்ற சலுகை, பூட்டு இல்லாத, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தைத் தாண்டாத மடக்குக்கத்திக்கு மட்டுமே. மேலே சொன்ன மூன்று லாக் வகையும் அதில் சேராது.