புல்வெளியில் நீலப் பூ: பெர்சிய ஸ்பீட்வெல்லைக் கண்டுபிடிப்பது எப்படி?

புல்லுக்கு நடுவே தரையோடு படர்ந்து, சட்டைப் பொத்தான் அளவில் நீலப் பூ வைக்கும் செடி இது. அறிவியல் பெயர் வெரோனிக்கா பெர்சிகா. ஒருபருவச் செடி. சொந்த ஊர் தென்மேற்கு ஆசியா. ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் வந்தேறி. இதே குடும்பத்தில் நீலப் பூக்காரர்கள் நிறைய இருப்பதால், நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். நான் ஏமாந்தேன்.

படி 1: பூ. நான்கு இதழ்கள், கீழ் இதழ் சற்றுக் குறுகலாக, பெரும்பாலும் வெளிறி இருக்கும். மகரந்தத்தாள் இரண்டே இரண்டு. பூவின் அகலம் 8 முதல் 12 மில்லிமீட்டர். பறித்துக்கொண்டு வந்து பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள்: இதழ்கள் அடியில் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் லேசாகத் தட்டினாலே மொத்தமாகக் கழன்று விழுந்துவிடும். குனிந்துதான் பார்க்க வேண்டும். 10 மடங்கு கைலென்ஸ் போதும். போன் கேமரா எனக்குப் பிடிக்காது, செடியின் நுண்மயிர்களையெல்லாம் மழுப்பிவிடுகிறது.

படி 2: இலை. நான் சறுக்கிய இடம் இதுதான். பூ இருந்த நுனியை மட்டும் கிள்ளி எடுத்தேன். இலைகள் மாறி மாறி இருந்தன. புத்தகமோ எதிரெதிர் இலை என்றது. சரி, இது வேறு செடி என்று முடிவு கட்டி ஒரு வாரம் தப்பான பெயரோடு திரிந்தேன். அப்புறம் முழுச் செடியைப் பிடுங்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அடித்தண்டில் இலைகள் சோடி சோடியாக எதிரெதிரே. பூக்கத் தொடங்கும் கணுவிலிருந்து மேலே ஒவ்வொன்றாக, மாறி மாறி. இரண்டுமே ஒரே தண்டில்! அதனால் நுனியைக் கிள்ளாதீர்கள், அடியிலிருந்து பாருங்கள்.

படி 3: காம்பும் காயும். ஒவ்வொரு பூவும் தனித்தனியாக, இலைக்கோணத்திலிருந்து (இலை தண்டோடு சேரும் இடம்) நீளமான காம்பில் நிற்கும். காம்பு பெரும்பாலும் பக்கத்து இலையைவிட நீளம். இதன் உறவுக்காரச் செடியான வெரோனிக்கா ஆர்வென்சிஸ் என்றால் காம்பே இல்லாததுபோல் இருக்கும், பூவும் 2–3 மில்லிமீட்டர்தான். காய் முற்றும்போது காம்பு கீழ்நோக்கி வளையும். காய் தட்டையான இதய வடிவம். உயரத்தைவிட அகலம் அதிகம், இரண்டு மடல்களும் வெளிப்பக்கம் விரிந்திருக்கும், நடுப்பிளவிலிருந்து சூல்தண்டு குச்சிபோல் நீட்டிக்கொண்டிருக்கும். மடல்கள் விரியாமல் ஒட்டினாற்போல் நின்றால் இதே இனத்து உறவுகளான வெரோனிக்கா அக்ரெஸ்டிஸ் அல்லது வெரோனிக்கா போலிட்டாவாக இருக்கலாம். எனக்குக் காய்தான் கடைசித் தீர்ப்பு; காய் இல்லாத செடிக்கு நான் பெயர் எழுதுவதில்லை.

பின்சேர்க்கை: "ஒருபருவச் செடி என்கிறீர்கள், என் செடி கணுவில் வேர் விட்டிருக்கிறதே" என்று ஒருவர் கேட்டிருந்தார். பெர்சிகாவும் கீழ்க்கணுக்களில் சில சமயம் வேர் விடும். ஆனால் தண்டு நெடுக வேர் விட்டுப் பாய்போல் பரவி, சிறுநீரக வடிவச் சின்ன இலைகளோடு, பூ நிறைய இருந்தும் காயே பிடிக்கவில்லை என்றால் அது பல்லாண்டு வாழும் வெரோனிக்கா பிலிபார்மிஸ். புல் வெட்டும்போது சிதறும் துண்டுகளே அதற்கு விதை மாதிரி. பெர்சிகாவோ விதையை நம்பிப் பிழைப்பது; பரவக்கூடாது என்றால் காய் முற்றும் முன் பிடுங்கிவிடுங்கள்.